சாய்ந்த ஏரி

நீமியா எடுக்கும் படங்களில் ஏரி சாய்ந்துதான் இருக்கும். யுகுவாசூ ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. ஆகஸ்டு பிறந்து, கோயில் திடலில் நிற்கும் லபாச்சோ மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு ரோஜா நிறத்தில் பூத்துத் தள்ளினால் போதும், சமையலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கேமராவோடு ஓடிவிடுவாள். முன்னால் பூ, நடுவில் மரத்தால் ஆன பழைய மணிக்கூண்டு, பின்னால் ஏரி. கூண்டின் உச்சியில் எறும்பளவு தெரிவது அவள் புருஷன் செவேரோ. ஊருக்கு மணி அடிப்பவன் அவன்தான்.

படம் எடுத்ததும் வீட்டுக் கணினியில் போட்டு, மணிக்கூண்டு செங்குத்தாக நிற்கும்படி திருப்பி வைப்பாள். கோயில் மணிக்கூண்டு கோணலாக இருந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அதை நிமிர்த்தினால் ஏரி கொஞ்சம் சரியும். யாராவது கேட்டால், "கரையே அப்படித்தான்" என்று சாதித்துவிடுவாள். வாய்க்குக் குறைவில்லாதவள்.

இந்த வருஷம் புனித ரோக்கு திருவிழாவுக்கு, இத்தனை காலம் எடுத்த ஆகஸ்டுப் படங்களை எல்லாம் கோயில் தாழ்வாரத்தில் தொங்கவிடச் சொன்னார் பாதர் எவாரிஸ்தோ. நீமியாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொடி கட்டி, துணி மாட்டும் கவ்விகளால் வரிசையாக மாட்டிவிட்டுப் பெருமையோடு நின்றாள். சிப்பா ரொட்டி விற்கும் தெலிசியா தலையில் கூடையோடு முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை நடந்து பார்த்தாள்.

"ஏன்டி, முதல் படத்துல உன் ஏரி லேசாத்தான் தள்ளாடுது. போகப் போக முழுப் போதையா இருக்கே! அடுத்த வருஷம் மீனெல்லாம் கீழ கொட்டிரும்போல."

"நான் மணிக்கூண்டை வெச்சுத்தான்டி நேர் பண்றேன். கரை அப்படி..."

சொல்லிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றது. கரை அப்படி என்றால் எல்லா வருஷமும் அப்படியே அல்லவா இருக்க வேண்டும்? வருஷத்துக்கு வருஷம் சரிவு கூடுவானேன்? தண்ணீர் எங்கேயாவது சாயுமா? அப்படியென்றால் சாய்ந்துகொண்டிருப்பது எது? நீமியா மணிக்கூண்டைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குள் திடலில் வாத்தியங்கள் முழங்கத் தொடங்கிவிட்டன. புனிதரின் சுரூபத்தைத் தோளில் சுமந்து வந்து மணிக்கூண்டின் அடியில் நிறுத்தியிருந்தார்கள். ஊரே அங்கே கூடி நின்றது. கிரிஸ்பின் வாணம் விடுவான். அது வெடித்ததும் செவேரோ மணி அடிக்க வேண்டும். மற்ற நாட்களில் மணியின் நாக்கை மட்டும் கயிற்றால் ஆட்டுவான். திருவிழா அன்று மணியையே தலைகீழாகச் சுழற்றுவான். கூண்டு முழுக்க அதிரும். அவன் அப்போதே மேலே ஏறிவிட்டிருந்தான்.

நீமியா கடைசிப் படத்தைப் பிய்த்துக்கொண்டு, திடலின் இந்த ஓரத்தில் நின்ற பாதரிடம் ஓடினாள்.

"பாதர், வாணத்தை நிறுத்தச் சொல்லுங்க! மணிக்கூண்டு சாயுது!"

"விளையாட இன்னைக்குத்தானா நாள் கெடைச்சுது? கண்ணு முன்னால நல்லாத்தானே நிக்குது."

"தெனம் பாக்குற கண்ணுக்குத் தெரியாது பாதர். இந்தப் படத்தை ஏரி மட்டமா இருக்குற மாதிரி திருப்பிப் பிடிங்க. பிடிச்சுப் பாருங்களேன்!"

சலித்துக்கொண்டே படத்தைத் திருப்பினார் பாதர். ஏரி மட்டமானது. மணிக்கூண்டு சாய்ந்தது, இப்போது சுரூபம் நிற்கும் பக்கமாக. அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"கிரிஸ்பின், கொளுத்தாதே!"

எக்காளச் சத்தத்தில் அது யார் காதில் விழும்? வாணம் சீறிக்கொண்டு மேலே போய் வெடித்தது.

உச்சியில் செவேரோ உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு மணியைப் பிடித்தான். கத்தினாலும் கேட்காது. கையை ஆட்டினால் உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்துப் பலமாகச் சுழற்றுவான், மடையன். நீமியாவின் கை தானாகக் கழுத்தில் தொங்கிய கேமராவுக்குப் போனது. அவள் கேமராவைத் தூக்கினால் அவன் அசையக் கூடாது. இறக்கிய பிறகுதான் மூச்சே விடலாம். ஒருமுறை அசைந்து படத்தைக் கெடுத்ததற்கு அவள் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் கிடந்தது ஊரறிந்த கதை.

கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள்.

செவேரோ அப்படியே நின்றான், இரண்டு கையும் மணியின் மேல்.

இனி இறக்க முடியாது. இறக்கினால் அடித்துவிடுவான். அவளுக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது. அசையாமல் நின்றவன் கேமராக் கண்ணாடிக்குள் எறும்பாகக் குதித்துக்கொண்டிருந்தான். இந்த எறும்பு போய்விட்டால் தனக்கு என்ன இருக்கிறது என்று அந்த நடுக்கத்திலும் தோன்றியது. பாதர் கூட்டத்தைப் பிடித்துத் தள்ளி விலக்கினார். ஒவ்வொன்றாக வாத்தியங்கள் அடங்கின.

கேமராவை எடுக்காமலே கத்தினாள். "ஏங்க! மணிய விட்டுட்டு மெல்ல எறங்கி வாங்க!"

"படம் எடுத்தியா இல்லையாடி? ஊரே காத்துக்கெடக்கு!"

"எறங்குங்கன்னா எறங்குங்க!"

முனகிக்கொண்டே இறங்கினான். படிக்குப் படி கூண்டு முனகியது. அவன் கால் தரையில் பட்டு, திடலைத் தாண்டி அவளிடம் வந்த பிறகுதான் கேமராவை இறக்கினாள். அவன் நெஞ்சில் நாலு குத்து குத்திவிட்டு, ஊர் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் ஓவென்று அழுதாள்.

கிரிஸ்பின் தன் கத்தியை அடித்தூணில் வைத்து அழுத்தினான். வெந்த மரவள்ளிக் கிழங்கில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது. உள்ளே முழுக்கக் கரையான்.

பிற்பகலில் தூரத்திலிருந்து கயிறு வீசிக் கட்டி, எருதுகளைப் பூட்டினார்கள். எருதுகள் கயிற்றை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. கயிறு விறைத்ததுமே கூண்டு மணியோடு சரிந்து, காலையில் சுரூபம் நின்ற இடத்தில் விழுந்தது. தெலிசியா சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் ஏரியைப் பற்றிச் சிரிக்கவில்லை.

நடுங்கிய விரல் எப்போதோ பொத்தானை அழுத்தியிருந்தது. மறுநாள் அந்தப் படத்தைத் திருப்பாமல், வெட்டாமல், வரிசையின் கடைசியில் மாட்டினாள் நீமியா. கலங்கிய படம். செவேரோ கிட்டே போய் அதைப் பார்த்தான்.

"நான் அசையல, ஆமா," என்றான். "இந்தத் தடவை நீதான் அசைச்சுட்டே."

"நான்தான்," என்றாள் நீமியா.

படத்தில் மணிக்கூண்டு சாய்ந்திருந்தது. ஏரி நேராக இருந்தது.