அப்பா கேட்ட ஞொக்கி

அவித்த உருளைக்கிழங்கைச் சூடு ஆறமுன் உரித்துவிட வேண்டும். ஆறினால் பிசின் பிடித்துவிடும். பிறகு கிடைப்பது களிதான். றோஸ் ஒவ்வொன்றாய்க் கையில் எடுப்பதும், சுட்டதும் மற்றக் கைக்கு மாற்றுவதும், விரலை ஊதுவதுமாகத் தோலை உரித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். பேக்கரி இராயப்பர் பாண் எடுத்து முடித்தாரென்றால் போறணை அடுப்பு ஆறத் தொடங்கிவிடும். அதற்குள் தட்டு உள்ளே போயாக வேண்டும். தவறினால் நாளைக்குத்தான். நாளை என்ற ஒன்றை அந்த வீட்டில் ஒருவரும் நம்பியிருக்கவில்லை.

அறைக்குள் கிடந்தவர் அவளுடைய அப்பா பஸ்ரியாம்பிள்ளை. இத்தாலிக்காரனின் சரக்குக் கப்பலில் குசினிக்காரராக உலகம் சுற்றியவர். லீவில் ஊரான கரம்பனுக்கு வரும்போதெல்லாம் அவர் கையால் ஒருநாள் ஞொக்கி நடக்கும். கிழங்கையும் கோதுமை மாவையும் பிசைந்து, விரல்நுனி அளவு துண்டுகளாக வெட்டி, கொதிநீரில் போட்டு அள்ளி, தக்காளிக் குழம்பை ஊற்றி, சீஸைத் துருவிக் கொட்டிப் போறணையில் வைத்து எடுக்கிற சாப்பாடு. அயலட்டையில் அதற்குப் பெயர் கப்பல் கொழுக்கட்டை. அம்மா மூக்கைச் சுளிப்பாள். றோஸ் தட்டை வழித்து நக்குவாள்.

இப்போது அவருக்கு வயிற்றில் கட்டி. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்ற பதிலோடு திரும்பிவந்தாயிற்று. சுவாமியாரும் வந்து, சாகக் கிடப்பவருக்குப் பூசும் அவஸ்தைத் தைலத்தைப் பூசிவிட்டுப் போய்விட்டார். தண்ணீரைத் தவிர வேறெதுவும் அவர் தொண்டையில் இறங்கவில்லை. அதைக் கண்ட றோஸ் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். அப்பா வாயால் சாப்பிடுமட்டும் தானும் சாப்பிடுவதில்லை, வெறும் தேத்தண்ணிதான்.

அவள் வயிற்றில் ஏழு மாதம். முந்தாநாள் கிணற்றடியில் தலைசுற்றித் துலாக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா கெஞ்சினாள். பக்கத்து வீட்டு யோகம்மா ஏசினாள். பிள்ளைத்தாச்சியை இப்படியான நேர்த்தி கட்டுப்படுத்தாது என்று சுவாமியாரே சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. கொழும்பில் துறைமுகத்தில் வேலைசெய்யும் அவள் புருசன் வின்சன்ற் வந்துதான் ஒரு முடிவு காண வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இன்று விடிந்ததும் அப்பா கண்ணைத் திறந்து அவளைக் கிட்டக் கூப்பிட்டார்.

"ஞொக்கி செய்து தாவன், பிள்ளை. நான் சாப்பிடுவன்."

அவ்வளவுதான். றோஸுக்குக் காலில் சிறகு முளைத்தது. நாட்டுக்குள் சீஸ் வருவதே நின்றுபோன காலம். ஆனால் கடைசிப் பயணத்தில் அவர் கொண்டுவந்த சீஸ் ரின் ஒன்று அலுமாரிக்குள் இருந்தது. சங்கக் கடையில் மாவுக்குச் சனம் வரிசையில் நின்றது. அவள் நேரே பேக்கரிக்குப் போய் இராயப்பரிடம் ஒரு கோப்பை மா கேட்டு வாங்கி வந்தாள். அவித்த கிழங்கு இப்போது கையில் இருந்தது.

மசித்த கிழங்கில் குழி பறித்துக்கொண்டு, சாத்திய அறைக்கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, முட்டை முழுசாப் போடுறதோவெண்டு அப்பாட்டைக் கேளுங்கோ."

உள்ளேயிருந்து அம்மா மரியநாயகியின் குரல் வந்தது.

"மஞ்சள் கரு மட்டும் காணுமாம்."

மா இளகலாக வந்தது. அதையும் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் தூவட்டாம். கனக்கப் பிசையாதையாம், கை படப்பட இறுகிப்போமாம்."

றோஸ் தனக்குள் சிரித்துக்கொண்டாள். படுக்கையில் கிடந்தும் மனிசன் குசினியை விடவில்லை. ஒருதரம் எட்டிப் பார்ப்போம் என்று மா அப்பிய கையோடு கதவைத் தள்ளினாள். உடனே அம்மா எழுந்துவந்து வாசலை மறித்து நின்றாள். இப்போதுதான் கண் அயர்ந்தவர், காற்றுப் பட்டால் இருமல் எழும்பும், உன் அலுவலைப் பார் என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. அது சிவந்து மாதக்கணக்காயிற்று.

துண்டுகளை வெட்டி முள்ளுக்கரண்டியால் வரி போட்டு முடிக்கும் நேரம் யோகம்மா கோழிச் சூப்போடு வந்தாள். அண்ணையை ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். கதவு கொஞ்சம் திறந்தது. அம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது. பின்னேரம் வா என்று சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொண்டாள்.

யோகம்மாவுக்குச் சுருக்கென்று பட்டது. "நான் என்ன கண்ணூறு படுத்தவோ வந்தனான்?" என்று சூப்பை ணங்கென்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அம்மா வாசலுக்கு வந்த ஒருத்தரைத் திருப்பி அனுப்பியதை றோஸ் முன்னொருபோதும் கண்டதில்லை. ஏனென்று யோசிக்க நேரமில்லை. பானைக்குள் துண்டுகள் மிதந்து மேலே வரத் தொடங்கிவிட்டன. மிதந்ததை உடனே அள்ள வேண்டும்.

தட்டைத் துணியால் மூடி ஏந்திக்கொண்டு அவள் பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இராயப்பர் கடைசிப் பாணை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, வெள்ளைக்காரன்ரை கொழுக்கட்டையோ?" என்றவர், அவள் மூச்சு வாங்குவதைக் கண்டு குரலைத் தணித்தார். "பஸ்ரியாண்ணை எப்பிடி?"

"சாப்பிடப்போறார்."

அவர் அவளை ஒருகணம் பார்த்தார். நீட்டுப் பலகையில் தட்டை ஏற்றிப் போறணைக்குள் தள்ளினார். வாங்கை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை. சீஸ் உருகி, கொப்பளித்து, பொன்னிறமாகி, ஓரம் கருகத் தொடங்கும்வரை போறணை வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும் வழியில் கோயில் மணி அடித்தது.

றோஸின் கால் அப்படியே நின்றுவிட்டது. துக்க மணியென்றால் ஒன்று அடித்து, இழுத்து நிறுத்தி, அடுத்ததை அடிப்பார்கள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இது மூன்று மூன்றாய் விழுந்தது. மத்தியானத் திரிகால மணி. தட்டைப் பிடித்த கையால் சிலுவை போடமுடியாமல், வாய்க்குள் மந்திரத்தை முணுமுணுத்தபடி ஓட்டமும் நடையுமாய் வீடு வந்து சேர்ந்தாள்.

அம்மா வெளியே வந்து தயாராக நின்றாள். ஒரு கோப்பையில் அள்ளிக்கொண்டாள்.

"நான் வாயிலை தீத்திறன் அம்மா."

"உன்ரை முகத்தைக் கண்டா அழுவார். அழுதா விக்கும். நீ இரு."

கதவு மூடிக்கொண்டது. றோஸ் அதில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். கரண்டி கோப்பையில் தட்டும் சத்தம் கேட்டது. நிற்கும். மறுபடி கேட்கும். விட்டுவிட்டு, மெதுவாக, நெடுநேரம்.

அம்மா வெளியே வந்தபோது கோப்பையில் பாதியைக் காணவில்லை.

"சாப்பிட்டவரோ?"

மரியநாயகி கோப்பையை அவளிடம் நீட்டிக் காட்டினாள். "இனி உன்ரை நேர்த்தி முடிஞ்சுது. கதிரையிலை இரு."

றோஸ் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதபடி சாப்பிட்டாள். அம்மா பக்கத்தில் நின்று போட்டுக்கொண்டே இருந்தாள். போதும் என்றபோதும் விடவில்லை. தண்ணீர் குடித்ததும் வயிற்றுக்குள் பிள்ளை ஒருதரம் புரண்டு உதைத்தது. அம்மாவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அம்மாவின் கை குளிர்ந்திருந்தது.

பிறகு மரியநாயகி ஒரு வாளி தண்ணீரோடு குசினிக்குள் போனாள். அடுப்பில் கணகணவென்றிருந்த தணலில் அதை ஊற்றினாள். சாம்பல் சீறி எழும்பியது.

பின்னேரம் தேத்தண்ணிக்கு என்ன செய்வது என்று கேட்க வாயெடுத்த றோஸ், கேட்காமலே எழுந்தாள். கரம்பனில் எந்த வீட்டில் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி நூர்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா அறைக்கதவை அகலத் திறந்துவிட்டாள்.

முகம் துடைத்து, தலை வாரி, நாடியை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. விரல்களுக்குள் செபமாலை. றோஸ் பாதத்தைத் தொட்டாள். அது இப்போது வந்த குளிர் இல்லை.

"எப்ப?"

"கிழங்கு அவியேக்கை."

"அப்ப, முட்டை கேட்டது?"

"எத்தினை தரம் அவருக்குப் பக்கத்திலை நிண்டனான். எனக்குத் தெரியாதே."

றோஸ் மேசையில் இருந்த பாதிக் கோப்பையைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அதற்கும் தலையை ஆட்டினாள்.

"சாப்பிட்டது நான்தான். ஒரு சத்தம் வைச்சிருந்தா சனம் வந்து முதல் அடுப்பைத்தான் நூத்திருக்கும். வின்சன்ற் கொழும்பாலை வந்து பிரேதம் எடுக்குமட்டும் வீட்டிலை நெருப்பில்லை. நீயும் சாப்பிட வாய் திறவாய். பிறகு ரெண்டு பெட்டி செய்யவேண்டி வரும்."

றோஸ் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இருந்தாள்.

"ஆசையாக் கேட்டவர், அம்மா. ஒரு வாய் குடுக்கக் கிடைக்கேல்லையே."

மரியநாயகி அவள் முன்னால் குந்தினாள்.

"கொப்பருக்குச் சீஸ் மணமே ஆகாது, பிள்ளை. கப்பலிலையும் தனக்கெண்டு புறம்பாச் சோறுதான் வைக்கிறவர். அது ஒருநாளும் அவரின்ரை வாயிலை பட்டதில்லை. நீ மாவுக்கு ஓடின கையோடை என்னைக் கூப்பிட்டுச் சொன்னவர், அவள் சாப்பிட்டு முடியுமட்டும் அழாதை எண்டு."

முந்தானையை எடுத்து, மகளின் கடைவாயில் ஒட்டியிருந்த சீஸைத் துடைத்துவிட்டாள். அதன் பிறகுதான் வேலிப் பக்கம் திரும்பி யோகம்மாவைக் கூப்பிட்டாள்.