மூடியில் எழுதிய பெயர்கள்

உயிரியலில் பட்டம் வாங்கியவனுக்கு உறவுக்காரர்கள் தரும் வேலைகள் ஏராளம். சித்தி முதுகில் இருக்கும் மச்சத்தைக் காட்டி, இது ஆபத்தா என்று கேட்பார். ரோஜாச் செடி வாடினால் எனக்குப் போன் வரும். பெரியப்பாவின் நாய் இரண்டு நாளாகச் சாப்பிடாதபோதும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நாயை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "தானா சரியாயிடும்" என்றேன். பாவம், அதுவும் என் மானத்தைக் காப்பாற்ற மறுநாளே எழுந்து சாப்பிட்டுவிட்டது.

உண்மையில் டாக்டர் சீட் கிடைக்காததால்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். முடித்தபின் என்ன செய்வாய் என்று கேட்ட அப்பாவிடம் ஆசிரியர் பயிற்சி என்றேன். அம்மாவிடம் உணவு ஆலோசகர் என்றேன். நண்பர்களிடம் மட்டும் ஒன்றும் புரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

அக்காவின் கணவர் மருந்து கம்பெனியில் விற்பனை மேலாளர். "பையைத் தூக்கிட்டு டாக்டருங்க ரூம் வாசல்ல நிக்கணும், சிரிக்கணும். அவ்வளவுதான் மாப்ளே. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு" என்றார் மாமா. நான் பரிசோதனைக்கூடத்தில் மூன்று மாதத் தற்காலிக உதவியாளனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். முதுகலை ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். அதற்குப் பரிசோதனைக்கூடத்தை நடத்தும் மேடத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடைசி நாள் அதே வெள்ளிக்கிழமை. கடிதம் வந்தால் படிப்பு, வராவிட்டால் பை.

மேடம் கொடுத்த வேலை எளிதானது. எட்டு இடங்களின் தண்ணீரை எடுத்து, கிருமி வளர்க்கும் மூடி போட்ட வட்டத் தட்டில், ஒவ்வொன்றுக்கும் மூன்று பிளேட் வீதம் தடவி, இரண்டு நாள் சூட்டுப்பெட்டியில் வைத்து, வளரும் கிருமிப் புள்ளிகளை எண்ண வேண்டும். குளம், பள்ளிக்கூடம், பேருந்து நிலையம், அக்கா நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரி என்று பட்டியல். எட்டாவதாக, ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் கூடத்திலேயே காய்ச்சிய தண்ணீர்.

எந்தத் தண்ணீர் என்ற பெயரைப் பிளேட்டின் அடியில்தான் எழுத வேண்டும், மூடியில் எழுதக் கூடாது. இந்தத் துறையில் காலடி வைத்த முதல் நாளே சொல்லித்தருவார்கள். கல்லூரியில் ஜூனியர்களுக்கு நானே விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மேசைமேல் வைத்தால் பெயர் மேடத்தின் கண்ணில் படவேண்டாமா? என் கையெழுத்து வேறு அழகு. இருபத்துநான்கு மூடிகளிலும் நீல மார்க்கரில் எழுதி, கோடு போட்டு, தேதியும் போட்டேன்.

புதன்கிழமை காலை படம் எடுக்க வேண்டும். மூடியில் வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. எல்லா மூடிகளையும் கழற்றி ஓரமாக ஒரே அடுக்காக அடுக்கினேன். படம் அருமையாக வந்தது. அப்புறம் கையில் முதல் மூடியை எடுத்தபோதுதான் புரிந்தது. எந்த மூடி எந்தப் பிளேட்டுக்கு?

பெயரில்லாத இருபத்துநான்கு பிளேட்டுகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பத்து நிமிடம் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அப்புறம் மூளை வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். புள்ளிகள் மொய்த்துக் கிடக்கிறதா, அது குளம். ஒன்றுமே இல்லையா, அது காய்ச்சிய தண்ணீர். கொஞ்சம் அழுக்காகத் தெரிந்தது பேருந்து நிலையம். ஏறக்குறைய சுத்தமாக மூன்று இருந்தன. அவற்றை ஆஸ்பத்திரி என்று வைத்தேன். ஆஸ்பத்திரி என்றால் சுத்தமாகத்தானே இருக்கும்? அரை மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் மூடி போட்டு, எண்ணி, அட்டவணை தயாரித்துவிட்டேன்.

மேடம் அட்டவணையைப் பார்த்தார். "மூணு பிளேட்டும் இவ்வளவு ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்ல. கை சுத்தம்ப்பா உனக்கு."

ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? ஒரே மாதிரி இருந்தவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்ததே நான்தானே. மேடம் கடிதத்தை அங்கேயே அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டார். கவனமானவர், நம்பகமானவர் என்று எழுதியிருந்தது. பேனாவை மூடிக்கொண்டே, "ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே மெயில் போட்டுடறேன், குழந்தைங்க வார்டு தண்ணி நல்லாருக்குன்னு" என்றார்.

அக்கா வேலை பார்ப்பது அந்த வார்டில்தான். கடிதம் என் கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு வெளியே போயிருக்கலாம். வாசல்வரை போனேன்தான்.

"மேடம், மெயில் போடாதீங்க" என்றேன். "அது ஆஸ்பத்திரித் தண்ணியான்னே எனக்குத் தெரியாது. மூடியில பேர் எழுதிட்டேன்."

மேடம் திட்டியிருந்தால் தேவலை. கடிதத்துக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். மேசை டிராயரில் போட்டு மூடினார். "போய் மறுபடி தண்ணி எடுத்துட்டு வா. எட்டு இடமும்."

வியாழக்கிழமை தண்ணீர் எடுத்து, தடவி, அடியில் பெயர் எழுதினேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சூட்டுப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். விண்ணப்ப இணையதளம் மூடியது. அப்போது அழுகை வந்தது. இத்தனை நாள் வேறு வழியில்லாமல் வந்த படிப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. எனக்கு அது வேண்டும். கைவிட்டுப் போன நிமிஷத்தில்தானா இது உறைக்க வேண்டும்?

சனிக்கிழமை எண்ணினேன். குளம் குளமாகவே இருந்தது. பேருந்து நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் நான் சொன்ன வரிசைதான். ஆஸ்பத்திரித் தண்ணீர் சுத்தம். ஒன்றுகூட மாறவில்லை. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரிந்திருக்காது.

மேடம் புது அட்டவணையைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அடுத்த வருஷம் மறுபடி அப்ளை பண்ணு. கடிதத்தைப் புதுசா எழுதித் தர்றேன். அதுவரைக்கும் இங்க பாத்திரம் கழுவ ஆள் இல்ல."

சரி என்றேன். பட்டம் வாங்கியதற்கு முறைப்படி கிடைத்த முதல் வேலை.

கெடு ஒரு நாள் தாண்டியிருந்தாலும், மாமாவிடம் வேலை வேண்டாம் என்று நேரில் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். ஷிப்ட் முடிந்து வந்த அக்கா சீருடையோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நடந்ததை அவளிடம் முன்பே போனில் சொல்லியிருந்தேன்.

"எங்க வார்டு தண்ணி என்னாச்சுடா?"

"சுத்தமா இருக்கு."

"புதன்கிழமையும் இதைத்தானே எழுதிக் கொடுத்தே? இதுக்காடா ஒரு வருஷத்தை விட்டே?"

"புதன்கிழமை அதை எழுதினேன்க்கா. இன்னிக்குத்தான் அது தெரியும்."