மெதுவாக நடந்த சாதனைக்காரி

எண்ணூறு மீட்டரில் மாநிலச் சாதனை என்னுடையது. இரண்டு நிமிடம் நான்கு வினாடி. இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. நானும் இனி முறியடிக்கப் போவதில்லை.

அதை நான் ஓடித்தான் வாங்கினேன் என்பது, கீழ்வேளூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில், எனக்கு மட்டும்தான் தெரியும். ஐந்து வருடம் வாய்க்கால் கரையில் ஓடினேன். பகலெல்லாம் நடவுச் சேற்றில் நின்றுவிட்டு மாலையிலும் ஓடினேன். அம்மாவைக் கேட்டால் மாரியம்மன் கொடுத்தது என்பாள். "எம்மவ ஜெயிச்சா தீ மிதிப்பா" என்று வேண்டிக்கொண்டிருந்தாள். தான் மிதிப்பதாக வேண்டியிருக்கக் கூடாதா?

தீமிதி வந்தபோது, ஆசியப் போட்டிக்கான தேர்வு ஓட்டத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. பயிற்சியாளர் அறிவுச்செல்வன் சார் போனில் கத்தினார்.

"செம்மொழி, புத்தி இருக்கா? அடுத்த வருஷம் மிதிச்சுக்கம்மா."

அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். "வேண்டுதலத் தள்ளிப் போடாதடி. ஓடுற காலையே முடக்கிப்புடும்."

காப்புக் கட்டிக்கொண்டேன். குழி பதினாறு அடிதானே, ஒரே ஓட்டமாக ஓடித் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். மஞ்சள் புடவையில் நான் வந்து நின்றதும் எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள். வார்டு உறுப்பினர் செந்தில்குமார் சத்தமாகச் சொன்னான்: "ரெக்கார்டுக்காரி ஓடிருவா பாருங்க! பக்தி இருக்கறவங்கதான் நடப்பாங்க!"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நடந்தேன். குழி முடிவில் ஊற்றியிருந்த பாலில் கால் வைத்தபோதே தெரிந்துவிட்டது.

இடது பாதம் புண்ணாகிச் சீழ் பிடித்து, இரண்டு மாதம் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். தேர்வு ஓட்டம் நடந்து முடிந்தது. ஜெயித்தவள் என்னைவிட மூன்று வினாடி அதிகம் எடுத்திருந்தாள். அவள் விமானம் ஏறிப் போனாள். எனக்கு உள்ளங்கால் தோல் இறுகிப்போய்விட்டது. நடக்கலாம், ஓட முடியாது என்றார் டாக்டர்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? விரதம் சுத்தமாக இருந்திருக்க மாட்டாள் என்றது. செந்தில்குமார்தான் முதலில் சொன்னானாம். அவன் நாக்கு அழுகிப்போக என்று வயிறெரிந்து திட்டினேன். ஆனாலும் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

நேற்று அம்மா சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"ஒங்கால் நல்லாயிட்டா, வர்ற தீமிதியில மறுபடி எறங்குறதா வேண்டிக்கிட்டேன்."

"யாரு எறங்குறது?"

இது ஒரு கேள்வியா என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதாண்டி."