நனைத்த சாக்கு

கனடாவில், மல்வேர்னில், மங்கையற்கரசி மகளோடும் மருமகனோடும் இருக்கும் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பின்பக்கம் வேலி கிடையாது. கத்தரிப் பாத்தி அவளுடையது, தக்காளிப் பாத்தி என்னுடையது என்று பேசிக்கொண்டதுதான் எல்லை.

எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் பாத்திகளைக் குளிருக்கு மூடும் வேலை வந்தது. செடிகளைப் பிடுங்கி, மண்ணைக் கொத்தி, மேலே மேப்பிள் இலைகளைப் பரப்பவேண்டும். நான் என் பக்கத்தை முடித்துவிட்டேன். அவளும் எல்லாவற்றையும் பிடுங்கினாள், ஒரு செடியைத் தவிர. அதில் ஒரு கத்தரிக்காய் தொங்கியது. காம்பில் வெள்ளைச் சீலைத் துண்டு. விதைக்கு விட்ட காய், ஒருவரும் ஆயக்கூடாது என்பதற்கு ஊரில் வைக்கும் அடையாளம்.

அவளுடைய புருஷன் சண்முகநாதன் தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்று ஊரில், கோப்பாயில் நின்றுவிட்டவர். கனடாவுக்கு வந்த ஒருவரிடம் ஒரு பொட்டலம் கத்தரி விதை கொடுத்தனுப்பினார். எல்லாவற்றையும் தின்னாமல் ஒரு காயை விதைக்கு விடச் சொன்னாராம். பங்குனியில் கிணற்றடியில் ஆமி அடித்த ஷெல் விழுந்து அவர் செத்துப்போனார். செய்தி வந்த அன்று அந்த விதைகள் அவளுடைய யன்னலோரத்தில் யோகர்ட் கோப்பைகளில் முளைத்துக்கொண்டிருந்தன. பொட்டலத்தில் மிச்சம் வைக்கவில்லை. அங்கே தோட்டத்தைப் பார்க்கவும் ஆளில்லை. இனி அவருடைய கத்தரி என்றால் இந்த ஒரு காய்தான்.

காய்க்கு அது தெரியவில்லை. அடி மஞ்சளாகியும் மேற்பக்கம் ஊதாவாகவே நின்றது.

அன்று பின்னேரம் மூன்றாம் வீட்டு இக்னேசியஸ் வேலை முடிந்து வந்தவன் எங்களைக் கண்டு நின்றான்.

"அன்ரி, இரவைக்கு உறையப்போகுதெண்டு ரேடியோவிலை சொல்லுறான். உதைப் பிடுங்கி உள்ளுக்கை வையுங்கோ."

"முத்தாமல் பிடுங்கினால் விதை முளைக்குமே தம்பி? இன்னும் ஒரு கிழமை நிண்டால் காணும்."

"அப்ப நீங்களும் உதோடை வெளியிலை படுங்கோ. காவலுக்கு ஆள் வேணுமெல்லே."

"படுப்பன், மருமோன் விட்டால்."

சிரித்தாள். பங்குனிக்குப் பிறகு அவள் சிரித்து நான் கண்டதில்லை. செடிக்குச் சாக்குப் போடுவதாகச் சொன்னாள். அது புத்தி என்று இக்னேசியஸும் போனான். நான் சோறு வடிக்க உள்ளே போய்விட்டேன்.

விடிய வந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. மங்கை பாத்திக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அரிசிச் சாக்கு பலகைபோல விறைத்துச் செடியோடு ஒட்டிக் கிடந்தது.

"மழையும் பெய்யேல்லை. சாக்கு எப்பிடி நனைஞ்சது?" என்று கேட்டேன்.

அவள் சாக்கின் ஓரத்தை நகத்தால் கிள்ளினாள்.

"நான்தான் தண்ணி தெளிச்சனான்."

"ஏன் மங்கை?"

"கை தன்பாட்டிலை செய்துபோட்டுது அக்கா. நாத்துக்குச் சாக்குப் போட்டால் நனைக்கவேணுமெல்லே. அவர் கிணத்திலை அள்ளித் தருவார், நான் கொண்டோய்த் தெளிக்கிறனான்."

ஊர் வெயிலுக்கு நாங்கள் எல்லோரும் செய்ததுதான். நனைத்த சாக்கு நாற்றைக் குளிர்மையாக வைத்திருக்கும்.

காய் கல்லாகியிருந்தது. அது இளகியதும் குசினியில் வெட்டினாள். மண்ணிறத் தண்ணீர் வடிந்தது. விதைகள் வெள்ளையாக, நசித்தால் நசியும் பதத்தில் இருந்தன. ஹீற்றருக்குப் பக்கத்தில் பேப்பரில் பரப்பிக் காயவைத்தாள். நாலைந்து நாளில் அவை உமியாகிவிட்டன.

சனிக்கிழமை அவளே வந்து கூப்பிட்டாள். செத்த செடியைப் பிடுங்கினோம். நான் கொத்தினேன்; அவள் தெருவோரத்தில் வெள்ளைக்காரர் கட்டிவைத்திருந்த இலைப் பைகளை இழுத்துவந்தாள். வைகாசியில் கடையில் கத்தரிக் கன்று விற்பான், வாங்குவோம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஓம், வாங்கலாம். கறிக்கு ஆகும்" என்றாள்.

பிறகு மடியிலிருந்து, விதை காயவைத்த பேப்பரில் மடித்த பொட்டலத்தை எடுத்தாள். விரலால் மண்ணில் கோடு கீறி, உமியாய்ப்போன விதைகளை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டுப் போட்டாள். நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"உது முளைக்காது மங்கை."

"தெரியும் அக்கா."

கோட்டை உள்ளங்கையால் தடவி மூடினாள்.

"அவரை எரிக்கேக்கை நான் பக்கத்திலை இல்லை. இதையாவது என்ரை கையாலை செய்யிறன்."

பாத்தி முழுக்க இலை பரப்பி முடித்தோம். இதுவே காணும் என்று நான் நிமிர, அவள் இன்னொரு பையை அவிழ்த்து அந்தக் கோட்டின் மேல் மட்டும் கொட்டினாள்.