துணிக்கு வந்த பெயர்

பழைய கைக்கடிகாரங்களைப் பார்த்து விலை சொல்கிறவர், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தவர் நிமிரவேயில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், தெருவை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். நான் நடந்தால் மேசை ஆடுகிறது என்றார்.

பன்னிரண்டு வருடமாகக் பித்தளைக் குழாய்ப் பட்டறையில், பாலீஷ் போடும் பஃப் சக்கரத்தின் முன்னால் நிற்கிறவன் நான். பித்தளைத் தூசி மூக்கிலும் காதிலும் சோற்றிலும். போன மாதம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், வேலையை விடு, இல்லாவிட்டால் இனி என்னிடம் வராதே என்றார். பேருந்து நிறுத்தத்தில் சாவி போடுகிறவர் ஒருவர் சாவி வெட்டும் மெஷினையும் இடத்தையும் விற்றுவிட்டு மகள் வீட்டோடு போகிறார். வெள்ளிக்கிழமை வரை எனக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். இன்று புதன்.

என் மனைவிதான் அவள் அப்பாவின் கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தாள். மாமனார் ஒரு நகைக்கடையில் முப்பது வருடம் வண்டி ஓட்டியவர். கடையை மூடும்போது முதலாளி கொடுத்தது. டயலில் கடிகாரக் கம்பெனியின் பெயர் கிடையாது, நகைக்கடையின் பெயர்தான். கடைக்காரன் காலண்டர் கொடுக்கிற மாதிரி ஓசியில் கொடுத்தது என்று அவர் முன்னாலேயே கேலி செய்வேன். அவரும் சிரிப்பார். ஆனால் கடைசிவரை கழற்றவில்லை.

திங்கட்கிழமை அதை அடகுக்கடையில் காட்டினேன். கடைப் பெயர் போட்டதை எவன் வாங்குவான் என்று தள்ளிவிட்டான். அந்தப் பேச்சு மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. நேற்று பட்டறையில் சாப்பாட்டு இடைவேளையில் கத்தி முனையால் கண்ணாடியை நெம்பி எடுத்து, பெயின்ட் தின்னரில் நனைத்த துணியால் டயலை ஒரு துடை துடைத்தேன். பெயர் துணிக்கு வந்துவிட்டது. பிறகு கடிகாரத்தின் வெளி உறையைச் சக்கரத்தில் பிடித்தேன். ஒரு கீறல் மிச்சமில்லை, புதுக் குழாய் மாதிரி மின்னியது. பக்கத்துச் சக்கரத்துக்காரன், “மாப்ள, இதுக்கு இனிமே பொண்ணே பாக்கலாம்டா,” என்றான்.

விலை சொல்கிறவர் பின்மூடியைத் திறந்தார். பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்து, உள்ளே ஓடும் இயந்திரத்தில் இருந்த முத்திரையைக் காட்டினார். எனக்கே தெரிந்த கம்பெனி. அந்தக் காலத்தில் பெரிய நகைக்கடைகள் அந்தக் கம்பெனியிடம் சொல்லி, தங்கள் பெயரைப் போட்டு வரவழைத்து விற்பார்களாம். மூடியின் உட்புறத்திலும் கடையின் குறியும் எண்ணும் இருந்தன. இந்தக் கடையின் பெயரோடு கிடைப்பது அபூர்வம், சேகரிக்கிறவர்கள் அடித்துக்கொண்டு வாங்குவார்கள் என்றார்.

“ஆனா டயல்ல பேரு இருந்திருக்கணுமே தம்பி?”

சுவரில் இருந்த கடிகாரங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது.

“தொடச்சிட்டேண்ணே. கடைப் பேரு இருந்தா விலை போகாதுன்னாங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. பெயர் இருந்திருந்தால் என்ன விலை என்று சொன்னார். மெஷினும் இடமும் வாங்கி, ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். இப்போது கிடைப்பது சாவி மெஷினுக்கு மட்டும்தான் காணும். பாலீஷ் போட்டு உறையின் விளிம்பைக் கரைத்ததற்கும் சேர்த்துக் கழித்திருந்தார்.

பாலீஷ் யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

“கை சுத்தம். பழசத் தொட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். புது உறைங்க பாலீஷுக்கு எங்கிட்ட குவிஞ்சு கெடக்கு. பட்டறையில தர்றதுக்கு மேலயே தரேன், வரீங்களா?”

பின்னறையைக் காட்டினார். ஒரு ஆள் நிற்கிற இடம். சின்ன மோட்டார், சின்னச் சக்கரம். ஒரே ஜன்னல், அதன் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. இதைத் திறக்கலாமா என்று கேட்டேன்.

“அது மட்டும் கூடாது. தூசி கடிகாரத்துக்குள்ள போயிடும்.”

எனக்கு இருமல் வந்தது. வந்தால் லேசில் நிற்காது. அவர் வேகமாக முன்னறைக்குப் போய், மேசையில் திறந்து கிடந்த மாமனாரின் கடிகாரத்தின் மேல் கண்ணாடி மூடியைக் கவிழ்த்தார். பிறகுதான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

குடித்துவிட்டு, சொன்ன விலையைக் கொடுங்கள், வேலைக்கு வரவில்லை என்றேன்.

தெருவுக்கு வந்ததும் மனைவிக்குப் போன் போட்டேன். விலையைக் கேட்பாள் என்று நினைத்தால், அப்பாவுக்கு நிஜமாகவே நல்ல கடிகாரம்தான் கொடுத்தார்களா என்று கேட்டாள்.

“நல்ல வாட்ச்தான். நான்தான் கெடுத்துட்டேன்.” பெயரைத் துடைத்ததையும், சாவி மெஷினுக்கு மட்டும் காசு கிடைத்ததையும் சொன்னேன்.

போனில் குக்கர் விசிலடித்தது; அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு,” என்றாள். “மொதல்ல போய் மெஷின வாங்குங்க. எடம் இல்லன்னா நம்ம வாசப்படியில போடுவோம். இந்தத் தெருவுல யாருக்குத்தான் சாவி தொலையல.”

பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து ஓடினேன். பாதித் தெருவிலேயே மூச்சு முட்டியது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு நடந்தேன்.