சமையல் பள்ளியின் முன்வாசல்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அன்று காலை சட்டைக் காலரைச் சரிசெய்யும் சாக்கில் என்னைப் பிடித்து நிறுத்தி, "அங்க போய் வாயத் திறக்காதீங்க. பொண்ணு காட்டுறதப் பாருங்க, தலைய ஆட்டுங்க, வந்துடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள். நானும் சரி என்றேன். சரி என்று சொல்ல எனக்கென்ன கஷ்டம்?

மகளுக்குப் பத்தொன்பது வயது. நான் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். கணக்கியல் படிக்கப் போய், ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, "முடியலப்பா, எனக்குச் சமையல்தான் வரும்" என்று திரும்பி வந்தவள். அந்த ஒரு வருஷம் வீணாய்ப் போனது எங்களுக்கு மறந்தே போய்விட்டது. அவளுக்கு மறக்கவில்லை. இன்னொரு தடவை தப்பான இடத்தில் போய்ச் சேர்ந்தால், படிப்பே வேண்டாம் என்று அவளே மூட்டை கட்டிவிடுவாள். அந்தப் பயம் எனக்கு உள்ளூர இருந்தது.

இரண்டு சமையல் பள்ளிகள் இடம் தருவதாக எழுதியிருந்தன. மறுநாள் மாலைக்குள் ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும். பாப்பா, ஏற்கெனவே ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்த முதலாவதைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தாள்.

அது ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டிடம். பக்கத்தில் போனதுமே கதவு தானாகத் திறந்தது. முப்பது வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிறேன்; இந்த மாதிரிக் கட்டிடங்களுக்குள் நூறு தடவை போயிருப்பேன். எல்லாம் பின்பக்கம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துக் கதவு வழியாக. இங்கே சோபாவில் உட்காரவைத்து, உயரமான கிளாஸில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். பாப்பா தன் கிளாஸைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்காப்பா?"

"சாறுதானே, நல்லாத்தான் இருக்கு."

சுற்றிக்காட்ட ஒரு இளைஞன் வந்தான். கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, வாய் நிறையப் பல். "சார் என்ன பண்றீங்க?" என்று என்னைக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா முந்திக்கொண்டாள்.

"பில்டிங் லைன்ல இருக்காங்க."

சுருக்கென்றது. பில்டிங் லைனா? எந்த லைனம்மா அது? தண்ணீர் லைனும் சாக்கடை லைனும்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்காரியிடம் சொன்ன சரியை நினைத்துக்கொண்டு பேசாமல் நடந்தேன்.

மூன்றாவது மாடியில் சமையல்கூடம். வரிசையாக அடுப்புகள், முகம் பார்த்துத் தலைவாரலாம் போல ஸ்டீல் மேடைகள். "இருநூறு ஸ்டூடண்ட்ஸ் இங்கதான் டிரெயினிங் எடுக்கிறாங்க" என்றான் இளைஞன். பாப்பாவின் கண் அகல விரிந்தது. நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். வெங்காயம் இல்லை, எண்ணெய் இல்லை, கருகல் இல்லை. புது பெயிண்ட் வாசனைதான் வந்தது.

மூலையில், தொட்டிகளுக்குக் கீழே, தரையில் ஒரு இரும்பு மூடி இருந்தது. பாத்திரம் கழுவுகிற தண்ணீரோடு வரும் எண்ணெயும் கொழுப்பும் குழாய்க்குள் போய் அடைக்காமல் வழியிலேயே தேங்கி நிற்பதற்கு, பெரிய சமையலறை எல்லாவற்றிலும் ஒரு தொட்டி வைப்போம். எண்ணெய்த் தொட்டி என்போம். அந்த மூடிதான் அது.

இஸ்திரி போட்ட பேன்ட்டோடு மண்டி போட்டேன். பள்ளிக்கூடத்தைச் சோதிக்கத்தான் மண்டி போட்டேன் என்று சொன்னால் பாதிப் பொய். பில்டிங் லைன்காரன் எப்படி வேலை பார்ப்பான் என்று எல்லோரும் பார்க்கட்டுமே என்ற வீம்புதான் மீதி.

"அப்பா, எந்திரிங்க. ப்ளீஸ்ப்பா."

சாவிக்கொத்தைக் கொடுத்து நெம்பினேன். மூடி வந்துவிட்டது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில், கடையில் வாங்கும்போது ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கூடக் கசங்காமல் அப்படியே இருந்தது.

"தம்பி, இங்க எப்ப சமைச்சீங்க?"

"முதல் வருஷம் தியரியும் டெமோவும் சார். செஃப் செஞ்சு காட்டுவாங்க, ஸ்டூடண்ட்ஸ் ஸ்கிரீன்ல பாப்பாங்க."

"செஃப் எங்க செய்வாரு?"

"அது... வீடியோ சார்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற பையன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பாப்பா திரும்பிப் பார்க்காமல் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சின் அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான். இரண்டு பஸ் போயின. எங்கள் பஸ் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் பிளம்பர்னு சொல்ல அவ்வளவு கேவலமா இருந்துச்சா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது மட்டும் இல்லப்பா. அங்க யாரு கையிலயும் ஒரு வெட்டுக்காயம் இல்ல, சூடு பட்ட தழும்பு இல்ல. போன தடவை போனப்பவே பாத்தேன். மூடியத் திறந்தாத்தான் தெரியணுமா எனக்கு?"

"அப்புறம் எதுக்குடி அதையே புடிச்சுத் தொங்குற?"

"நீங்க எந்த இடத்துக்குப் போனாலும் பின்வாசல் வழியாத்தான போறீங்க. ஒரு இடத்துக்காவது நீங்க என்னால முன்வாசல் வழியா வரணும், சோபாவுல உக்காரணும், உங்கள 'சார்'னு கூப்பிடணும்னு நெனச்சேன். நீங்க நேரா சாக்கடைக்கிட்ட போய் உக்காந்துட்டீங்க."

மூக்குக்கு மேல் உட்கார்ந்திருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இந்தப் பெண் ஒரு சோபாவுக்காகத் தன் வாழ்க்கையையே கொண்டுபோய் அந்த வெறுந்தொட்டியில் போட இருந்தாளே!

"பைத்தியமாடி நீ?" என்றேன். அது திட்டு மாதிரிக் கேட்டிருக்காது. அவள் நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அங்கிருந்து நேரே போன இரண்டாவது பள்ளி ஒரு ரொட்டிக் கடைக்குப் பின்னால், சந்துக்குள் இருந்தது. முன்வாசல் என்று ஒன்றே கிடையாது. கதவைத் தள்ளினால் நேரே சமையல்கூடம். ஆவி, சத்தம், வெங்காய நெடி; கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டை விரலில் பிளாஸ்டர் ஒட்டிய ஒரு பையனிடம், முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்ட ஒரு அம்மாள் கத்திக்கொண்டிருந்தார். "வெங்காயம் நறுக்கச் சொன்னா வெறகு பொளந்து வச்சிருக்க! மறுபடி நறுக்கு!" அவர்தான் தலைமை ஆசிரியை. எங்களைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க. புதுப் பொண்ணா? சார் என்ன பண்றீங்க?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். இந்தத் தடவை எந்த லைனோ!

"எங்கப்பா பிளம்பர் மேடம்," என்றாள் பாப்பா, அந்தச் சத்தத்திலும் எல்லோருக்கும் கேட்கும்படி. "முப்பது வருஷமா. உங்க எண்ணெய்த் தொட்டியத் திறந்து பாக்கணுமாம்."

நாலைந்து தலைகள் திரும்பின. அந்த அம்மாள் ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, வாங்க வாங்க! முந்தாநாள்லேருந்து தண்ணி இறங்கவே மாட்டேங்குது."

மூடி சாவிக்கொத்துக்கெல்லாம் மசியவில்லை. கடப்பாரை கேட்டு வாங்கி நெம்பினேன். நாற்றம் குப்பென்று அடித்தது. பிளாஸ்டர் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். உள்ளே ஒரு முழம் கனத்துக்குக் கொழுப்பு உறைந்து கிடந்தது. அப்பாடா! என் தொழிலில் இத்தனை நாற்றத்துக்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

"இத வாராவாரம் வழிச்சு எடுக்கணும் மேடம். இப்படிப் போட்டு வச்சா எந்தக் குழாய் தாங்கும்?" சந்தோஷத்திலும் எனக்குத் திட்டாமல் இருக்க முடியவில்லை.

"யாருக்கய்யா நேரம் இருக்கு? சமைக்கவே பொழுது பத்தல."

பாப்பா என் பக்கத்தில் மண்டி போட்டாள். புதுப் பாவாடை. நான் அதட்டுவதற்குள், கொழுப்பை வழிக்க நான் எடுத்திருந்த கரண்டியை என் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

"திங்கக்கிழமைலேருந்து நான் பண்றேன் மேடம். சேரணும்னா எதுல கையெழுத்துப் போடணும்?"

அவள் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரி போன் செய்தாள். எடுத்ததுமே, "வாயத் திறந்தீங்களா?" என்றாள்.

"இல்ல. உன் மகதான் பேசினா."

"என்ன சொன்னா?"

வெங்காய நெடி இன்னும் அடங்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எங்கப்பா பிளம்பர்னு சொன்னா."