பதில் எழுதாமல் மூடிய கேள்வி

“ஏம்மா, என் கேள்விக்கு என்ன பதில் எழுதினே?” என்று நொட்டை மேடம் என் மேசையருகே வந்து நின்றாள். எங்கள் செயலியைச் சோதித்துப் பார்ப்பவள். எதிலும் நொட்டை சொல்வாள் என்று நாங்கள் வைத்த பெயர். அது அவளுக்கும் தெரியும்.

வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கு மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலி அது. அக்கா வீட்டில் அப்பாவுக்காகவும் அதைத்தான் போட்டுக்கொடுத்திருந்தேன். அதன் ஒவ்வொரு திரையும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வடிவமைப்பு ஆவணத்தில் எழுதுவது என் வேலை. மற்றவர்கள் ஓரத்தில் கேள்வி கேட்பார்கள். ஒரு கேள்வி திறந்திருந்தாலும் வெளியீடு நின்றுவிடும். அதனால் வெளியீட்டுக்கு முந்தைய நாள் எல்லோரும் உட்கார்ந்து கேள்விகளை மூடுவோம். களையெடுப்பு என்போம். பதில் எழுதிவிட்டு மூட வேண்டும் என்பது விதி. டிக் போட்டால் போதும் என்பது வழக்கம்.

ஆவணத்தைத் திறந்தேன். ‘ஒரே வீட்டில் இரண்டு பேர் மருந்து கொடுக்கிறார்கள். ஒருவர் “கொடுத்தாயிற்று” என்று அழுத்தும்போது இணையம் இல்லாவிட்டால், மற்றவர் போனில் மறுபடி மணி அடிக்குமா?’ கீழே என் பெயர், ஒரு டிக். வேறொன்றும் இல்லை.

மூடியது நினைவில்லை. அன்றைக்குப் பசித்தது மட்டும் நினைவிருக்கிறது. இவளுக்கு வேறு வேலையில்லை என்றும் நினைத்திருப்பேன்.

புரோகிராமர் நாற்காலியைத் திருப்பினார். “டிக் இருந்துச்சேங்க. இருக்கிறபடியே போகலாம்னு விட்டுட்டேன்.”

“அப்ப அடிக்குமா?” என்றேன்.

“அடிக்கும்.”

“நல்லாருக்கு. ஊர் கூடி இழுத்துத் தேரைப் பள்ளத்துல விட்டாச்சு” என்றாள் நொட்டை மேடம்.

இரண்டு பேர் போனிலும் மணி அடிக்கும் வசதியோடு புதிய பதிப்பு வெளியாகி நான்கு நாள். அப்பாவுக்கு இதய மாத்திரை, காலையில் ஒன்றே ஒன்று, கூடினால் ஆபத்து. அக்காவோ அத்தானோ எடுத்துக் கொடுப்பார்கள். மாத்திரை இருக்கும் அக்கா வீட்டுச் சமையலறையில் சிக்னல் கிடைக்காது.

மூன்றாவது முறை அழைத்தபோது எடுத்தாள். “என்னடி, வேலை நேரத்துல?”

“அப்பாவுக்கு இன்னைக்கு மாத்திரை யாரு குடுத்தா?”

“நான்தான். உங்க அத்தான் மறந்துட்டுக் கெளம்பிட்டார். மணி அடிச்சுது, குடுத்தேன்.”

“நேத்து?”

“நேத்தும் அதே கூத்துதான். கேட்டா, குடுத்துட்டேன்னு சாதிக்கிறார். உன் ஆப் இல்லேன்னா அவ்ளோதான் போ.”

“அப்பா எங்கே?”

“தலை சுத்துதுன்னு படுத்தார். இன்னும் எந்திரிக்கல.”

“எழுப்பு. போனை வைக்காம போ.”

அவள் நடக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. “அப்பா” என்றாள்.

அந்த இடைவெளியில் அத்தானைத்தான் நினைத்தேன். நான்கு நாளாக அவர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வீட்டில் எல்லோரும் என்னை நம்பியிருக்கிறார்கள்.

அக்கா மறுபடி கூப்பிட்டாள், இந்த முறை உரக்க.